காண்ட்ரா நடனத்துக்குப் புதிதாகச் செல்பவர்களுக்கு: வரிசையின் கடைசியில் நடப்பது என்ன?

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறும் நம்மவர்களை, அலுவலகத்தில் யாராவது ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலை காண்ட்ரா நடனத்துக்கு, அதாவது நீண்ட வரிசையில் ஜோடி ஜோடியாக நின்று ஆடும் நாட்டுப்புற நடனத்துக்கு அழைக்கக்கூடும். தயங்காமல் போய் வாருங்கள். வாசலில் கட்டணம், தரையைக் கீறாத சுத்தமான காலணி, ஒரு தண்ணீர் பாட்டில், பல இடங்களில் நடனத்துக்கு முன்பு நடக்கும் புதியவர் பயிற்சி ஆகியவற்றோடு ஆயத்தம் முடிந்துவிடும். கணவன் மனைவியாகப் போனாலும் ஒவ்வொரு நடனத்துக்கும் வேறொருவரோடு ஆடுவதே அங்கே வழக்கம் என்பதை வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது; நாங்கள் பேசிவைக்கவில்லை.

இசைக்குழு இருக்கும் பக்கம் மேல், எதிர்ப்பக்கம் கீழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவலாக ஆடப்படும் அமைப்பில், மேலிருந்து இரண்டிரண்டு ஜோடிகளாகச் சேர்ந்து நால்வர் கைகோத்து நிற்பார்கள். மேலே நிற்கும் ஜோடி கீழ்நோக்கியும், கீழே நிற்கும் ஜோடி மேல்நோக்கியும் பார்க்கும். ஆண், பெண் என்பதற்குப் பதிலாக இப்போது பல இடங்களில் லார்க், ராபின் என்றே அழைக்கிறார்கள்; எந்தத் திசையைப் பார்த்து நின்றாலும் ராபின் வலப்புறம் இருக்க வேண்டும். அந்த நடனம் முடியும்வரை உடன் வருபவர் பார்ட்னர்; எதிர் ஜோடியில் உங்களோடு ஆடுபவர் நெய்பர். இதை அண்டை வீட்டார் என்று புரிந்துகொண்டால் குழப்பம்தான், ஏனென்றால் நம் தெருவில் இருபது ஆண்டுகளானாலும் மாறாத அண்டை வீட்டார் இங்கே 64 எண்ணிக்கைக்கு ஒருமுறை மாறிவிடுவார்.

ஆட்டத்தின் ஒரு சுற்றான அந்த 64 எண்ணிக்கை நமக்குக் கைவந்த கணக்கு. ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம் என்று கொள்ளுங்கள். ஜிக் என்னும் மெட்டு வந்தால் அதையே திஸ்ர நடையில் எண்ணுங்கள். எட்டாவது ஆவர்த்தனம் முடியும்போது இரண்டு ஜோடிகளும் ஒன்றையொன்று கடந்திருக்கும். கீழே பார்த்தவர்கள் ஓரிடம் கீழேயும், மேலே பார்த்தவர்கள் ஓரிடம் மேலேயும் நகர்ந்து, பழைய நெய்பரை விட்டுவிட்டு, அதே திசையில் அடுத்து நிற்பவரைப் பிடித்துக்கொள்வார்கள். கோலாட்டத்தில் ஆள் மாறி ஆடிய என் மனைவிக்கு இது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் கோலாட்டமும் கும்மியும் பெரும்பாலும் வட்டம். வட்டத்துக்குக் கடைசி கிடையாது. காண்ட்ரா வரிசைக்கோ இரண்டு நுனிகள் உண்டு. அன்று என் ஜோடி கீழ் நுனியை எட்டியபோது எதிரே ஆளே இல்லை. ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று பதறி, அப்போதுதான் விட்டுவந்த நெய்பரைத் தேடி மேலே ஓடி, அவருடைய புதிய நால்வருக்குள் ஐந்தாவது ஆளாக நுழைந்தேன். அது மன்னிக்கத்தக்க பிழை. என்னை வெளியே இழுத்துவிட்ட பிறகு, ஒரு சுற்று அமைதியாகக் காத்திருந்து, நின்ற இடத்திலேயே திரும்பி மேல்நோக்கி நின்றேனே, அதுதான் பெரிய விலை கொடுக்க வைத்த பிழை. இருவரும் தனித்தனியே திரும்பினால் இடது வலதாகிவிடும். லார்க்கான நான் ராபினுடைய இடத்தில் நின்றேன். அடுத்து வந்த நெய்பர் என்னை ராபின் என்று எண்ணிக் கை நீட்ட, பின்னால் வந்த இரண்டு நால்வர் குழுக்களும் கலைந்தன. அடுத்த அசைவு என்ன என்று அறிவிக்கும் காலர் (caller) நான்கைந்து சுற்றுக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிடுவதால் உதவிக்குக் குரலும் இல்லை. முதல்முறை வந்தவரிடம் இந்த ஒரு செய்தியை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்ற எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆகவே நுனியில் ஆளில்லாமல் நின்றால் ஓடாதீர்கள். 64 எண்ணிக்கை காத்திருங்கள். அதற்குள் பார்ட்னரோடு இடம் மாற்றிக்கொண்டு, வரிசையின் உட்பக்கம் பார்த்து, ராபின் வலப்புறம் இருக்கிறாரா என்று ஒருமுறை சரிபாருங்கள். கீழே பார்த்து வந்தவர்கள் இனி மேலே செல்வார்கள், மேல் நுனியில் இதுவே தலைகீழாக நடக்கும். பெக்கெட் என்னும் வேறோர் அமைப்பை அறிவித்தால் மட்டும், பார்ட்னர் வரிசையின் எதிர்ப்பக்கத்தில் இல்லாமல் நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்பார். அப்போது நுனியில் என்ன செய்வது என்பதை ஒத்திகை நடக்கும்போதே காலரிடம் கேட்டுவிடுங்கள்.