குருத்தணு மாற்றுச் சிகிச்சை முடிந்து யாழ்ப்பாணம் திரும்புகிறீர்களா? வீட்டை இப்படி ஆயத்தம் செய்யுங்கள்

என் தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. கொழும்பில் அவனுக்குக் குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். குருத்தணு என்பது இரத்தக் கலங்களை உருவாக்கும் தாய்க் கலம். ஊரில் பலர் இந்தச் சிகிச்சையை என்புமச்சை மாற்று என்றே சொல்வார்கள். குருத்தணுக்களைக் கொடுத்தவள் நான். அவன் கொக்குவில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொண்டவளும் நான்தான். வைத்தியசாலையில் இருந்தவரை எல்லாவற்றையும் தாதியர் கவனித்தார்கள். வீட்டுப் படலையைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அந்தப் பொறுப்பு முழுவதும் எங்கள் கைக்கு வந்துவிட்டது. அப்போது எனக்கு யாராவது வரிசையாகச் சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வைத்தியர் இதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: எப்போது வீடு திரும்பலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாற்றுச் சிகிச்சையில் இரண்டு வகை உண்டு. நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களை முன்கூட்டியே எடுத்து வைத்து, கடுமையான மருந்து கொடுத்த பின் அவருக்கே திருப்பி ஏற்றுவது ஒன்று. இன்னொருவரின் குருத்தணுக்களை ஏற்றுவது மற்றது. முதல் வகையில் உடல் ஓரளவு விரைவாகத் தேறும். இரண்டாவது வகையில் முதல் 100 நாட்கள் மிகவும் ஆபத்தானவை. அதனால் அந்த நாட்களில் சிகிச்சை செய்த இடத்துக்கு அருகிலேயே தங்கச் சொல்வார்கள். யாழ்ப்பாணம் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவில் காய்ச்சல் வந்தால் ஏ-9 வீதியில் ஓட முடியாது. நாங்கள் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். "எப்போது வருகிறீர்கள்" என்று ஊரிலிருந்து தினமும் கேட்டார்கள். அவசரப்படாதீர்கள்.

படி 2: ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

புறப்படும் முன் வைத்தியரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். என்ன நோய், எந்தத் திகதியில் எந்த வகை மாற்று, இப்போது என்னென்ன மருந்து, அவசரத்தில் அழைக்க வேண்டிய இலக்கம் எது என்பவை அதில் இருக்க வேண்டும். இரத்தம் தொடர்பான இரண்டு விடயங்களையும் எழுதச் சொல்லுங்கள். இவருக்கு இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிர்வீச்சு செலுத்திய இரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்பது ஒன்று. கொடுத்தவரின் இரத்த வகை வேறாக இருந்தால் பெற்றவரின் இரத்த வகையும் காலப்போக்கில் மாறிவிடும் என்பது மற்றது. பழைய அட்டை ஏதாவதில் குறித்திருக்கும் வகையை நம்பி யாரும் இரத்தம் ஏற்றிவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் உங்களைப் பொறுப்பேற்கப் போகும் வைத்தியர் யார் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையா, புற்றுநோய்ப் பிரிவு உள்ள தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையா என்று கொழும்பு வைத்தியரிடம் கேட்டு, அவர் கையால் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளான சைக்ளோஸ்போரின் அல்லது டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரத்தத்தில் அந்த மருந்தின் அளவைப் பார்க்கும் நாளில், இரத்தம் எடுத்த பிறகுதான் காலைக் குளிசையை விழுங்க வேண்டும். ஒரு தடவை நான் மறந்துபோய் வழக்கம்போல ஆறு மணிக்கே கொடுத்துவிட்டேன். அளவு தாறுமாறாக உயர்ந்து வந்தது. நான் உண்மையைச் சொல்லியிராவிட்டால் மருந்தைத் தேவையில்லாமல் குறைத்திருப்பார்கள்.

படி 3: அவர் வருமுன் வீட்டு வேலைகளை முடியுங்கள்

பூச்சு, வெள்ளையடிப்பு, ஓடு மாற்றுதல், வேலி அடைத்தல் எல்லாம் அவர் வருமுன்பே முடிந்திருக்க வேண்டும். பழைய கிடுகிலும் உக்கிய ஓலையிலும் ஈரச் சுவரிலும் பூஞ்சணம் இருக்கும். அதன் நுண்ணிய தூள் எங்களுக்கு ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி இல்லாத நுரையீரலில் அது வேர்விட்டுவிடும். அவருடைய அறையில் மழை கசிந்த கறை இருந்தால் வேறு அறை கொடுங்கள். நிலத்தைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். முற்றத்துக்குச் சாணம் தெளிப்பதை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்தோம். அம்மாவுக்கு அது மனத்தாங்கல்தான், ஆனாலும் நிறுத்தினார். கோழிக்கூட்டையும் மாட்டுக் கொட்டிலையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

செருப்பில்லாமல் மண்ணில் நடக்க விடாதீர்கள். எங்கள் மண்ணில் இருக்கக்கூடிய ஒரு வகைப் புழு பாதத் தோல் வழியாக உடலுக்குள் போகும். நலமான உடலில் சும்மா கிடக்கும் அந்தப் புழு, எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 4: கிணற்றுத் தண்ணீர்

யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே இறங்கும், மலக்குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கும். தெளிவாக இருக்கிறது, தித்திப்பாக இருக்கிறது என்பதற்காக அப்படியே குடிக்கக் கொடுக்காதீர்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்கி, மூடி ஆறவைத்து, அன்றன்றே பாவியுங்கள். பல் துலக்கவும் மருந்து விழுங்கவும் அதே தண்ணீர்தான். மாரியில் கிணற்று நீர் மேலே ஏறும்போது இன்னும் கவனம் வேண்டும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. எனவே குடிநீரை எங்கிருந்து எடுப்பது என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மருந்து ஏற்றும் குழாயை நெஞ்சில் பொருத்தியபடி வீடு வந்தவரைக் கிணற்றடியில் வாளியால் அள்ளி வார்க்கக் கூடாது. குழாய் நனையாமல் மேலே ஒட்டி மூடி, கொதித்தாறிய நீரால் துடைத்துவிடுங்கள்.

படி 5: குசினி

விதி ஒன்றுதான்: நன்றாக வேகவேண்டும், சூடாக இருக்க வேண்டும், இப்போது சமைத்ததாக இருக்க வேண்டும். அந்த வகையில் எங்கள் சாப்பாடு வசதியானது. ஆவி பறக்கும் புட்டு, வீட்டில் அவித்த இடியப்பம், கொதித்த சொதி, நன்றாக வெந்த மீன் குழம்பு எல்லாம் கொடுக்கலாம். பழஞ்சோறு, நேற்றைய குழம்பு, பச்சைத் தேங்காய்ச் சம்பல், பச்சை வெங்காயம், கடையில் திறந்து வைத்த வடை, காய்ச்சாத ஆட்டுப்பால், கருப்பணி ஆகியவற்றைத் தள்ளி வையுங்கள். பழம் என்றால் தோல் தடிப்பானதை வாங்கி, கழுவி, நீங்களே உரித்துக் கொடுங்கள். வாழைப்பழம் நல்லது. பம்பளிமாஸ் மட்டும் வேண்டாம். அந்தக் குடும்பத்துப் பழங்கள் சிலவும் பல நாட்டு மருந்துகளும் சைக்ளோஸ்போரின் அளவைக் குழப்பிவிடும். கஷாயம், லேகியம், சித்த மருந்து எதுவானாலும் வைத்தியரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

பெலவீனமானவருக்கு யாழ்ப்பாணத்தில் முதலில் நினைவுக்கு வருவது முட்டைக்கோப்பி. பச்சை முட்டையை அடித்து அதில் சுடுகோப்பி ஊற்றும்போது முட்டை முழுதாக வேகாது. அவித்த முட்டையாகக் கொடுங்கள், மஞ்சள் கரு இறுகும்வரை அவியுங்கள்.

வாய்ப்புண் ஆறும்வரை உறைப்பு வேண்டாம். நாக்கில் சுவை திரும்ப மாதக்கணக்காகலாம். தம்பி இரண்டு மாதம் எல்லாமே தகரம் நக்குவதுபோல் இருக்கிறது என்றான். கோபப்பட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாலும் ஒரு மணி நேரம் கழித்துச் சிறிதாக மறுபடி கொடுங்கள்.

படி 6: படலை

எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். நோயாளியைப் பார்க்க வருவது எங்கள் ஊரில் கடமை. போகாவிட்டால் உறவு முறிந்துவிடும். தம்பி வந்த அன்று மாலையே ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சைப் பழப் பையுமாகப் பெரியம்மா படலையில் நின்றார். வல்வெட்டித்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், கண் கலங்கியிருந்தது. அவரைத் தடுக்கும் துணிவு எனக்கு வரவில்லை. உள்ளே வந்து தம்பியின் கன்னத்தைத் தடவினார். போகும்போதுதான் தனக்கு நாலு நாளாகத் தடிமன் என்று சொன்னார். நல்ல வேளையாக அவனுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை.

அதன்பின் இப்படிச் செய்தோம். நீங்கள் முதல் நாளே செய்யுங்கள்.

வருமுன்பே ஒவ்வோர் உறவு வீட்டுக்கும் மூத்தவர் ஒருவர் தொலைபேசியில் பேச வேண்டும். "வைத்தியர் மூன்று மாதம் ஒருவரையும் கிட்ட விடவேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று காரணத்தை வைத்தியர்மேல் போடுங்கள், மனத்தாங்கல் குறையும். விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு, வந்தவரை இருத்தி, தேநீர் கொடுத்து, யன்னலுக்கு வெளியே நின்று பேசவிடுங்கள். வந்தவரும் கௌரவமாகத் திரும்புவார், நோயாளியும் முகம் பார்ப்பார். உள்ளே வந்தே ஆகவேண்டியவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி முகக்கவசம் அணியட்டும். தடிமன், காய்ச்சல், கொப்புளிப்பான் உள்ள வீட்டிலிருந்து யாரும் வரக்கூடாது. வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாள் வந்தால், கொடுக்குமுன் கிளினிக்கில் சொல்லிக் கேளுங்கள். உயிருள்ள கிருமி அடங்கிய மருந்து அது.

உதவி செய்ய விரும்புகிறவர்களுக்கு வேலை கொடுங்கள். சித்தப்பா தினமும் சந்தைக்குப் போய் வந்தார், பெரியம்மா எங்களுக்குச் சமைத்து அனுப்பினார். அன்பு வெளிப்பட வழி கிடைத்தது, கோபம் வரவில்லை.

கோயிலும் இப்படித்தான். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்தச் சனத்துக்குள் முதல் வருடம் போக விடாதீர்கள். தொலைக்காட்சி நேரலையில் தேர் பார்த்தபோது தம்பி அழுதான், நானும் அழுதேன்.

படி 7: வெப்பமானி

காலையும் மாலையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் என்ற அளவைத் தொட்டால், அது இரவு இரண்டு மணியானாலும் அவசரம்தான். பனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பனடோல் காய்ச்சலை மறைக்கும், தொற்றை நிறுத்தாது. குளிர் நடுக்கம், மூச்சு வாங்கல், நிற்காத இரத்தக் கசிவு, மயக்கம் என்பவையும் அப்படியே.

1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வைத்தியசாலையில் வெளிநோயாளர் வரிசையில் உட்காராதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நேரே போய், கோப்பை நீட்டி, "குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்தவர், காய்ச்சல்" என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நாளத்தின் வழியாகக் கிருமிக்கொல்லி மருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது. வழியில் இருந்தபடியே கொழும்புக்கும் அழையுங்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் டெங்கும் எலிக்காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்கவையுங்கள். வெள்ளம் நின்ற முற்றத்தில் கால் வைக்க விடாதீர்கள்.

படி 8: தோல், கண், வயிறு

இது மற்றவரிடமிருந்து குருத்தணு பெற்றவர்களுக்கு. கொடுத்தவரின் கலங்கள் பெற்றவரின் உடலை அந்நியமாக நினைத்துத் தாக்கலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் காதுமடலிலும் சிவந்த தடிப்பு, தொடர் வயிற்றோட்டம், கண் மஞ்சளாதல், வாயும் கண்ணும் வறண்டு எரிதல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே அழையுங்கள். தம்பியின் உள்ளங்கை சிவந்ததை முதலில் கண்டவள் நான். என் கலங்களே அவனை வருத்துகின்றன என்று உடைந்துபோனேன். மருந்தில் அடங்கியது. கொடுத்தவர் யாராவது இதை வாசித்தால், இது உங்கள் குற்றமல்ல.

வெயில் இதைக் கிளறிவிடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை இல்லாமல் முற்றத்துக்கும் விடாதீர்கள்.

படி 9: நடையும் தடுப்பூசியும்

முதல் வாரம் கட்டிலிலிருந்து விறாந்தைவரை நடந்தால் போதும். பிறகு கிணற்றடிவரை. களைப்பு மாதக்கணக்கில் இருக்கும், அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லக் கூடாது. பழைய வேலைக்குத் திரும்பப் பலருக்கு ஒரு வருடம் வரை ஆகும்.

சிறு வயதில் போட்ட தடுப்பூசிகளின் காப்பு பெரும்பாலும் அழிந்துவிடும். ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி போடத் தொடங்குவார்கள். சின்னமுத்து போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் குறைந்தது 24 மாதங்களுக்குப் பிறகுதான், அதுவும் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள் நின்றிருந்தால்தான். திகதிகளை ஓர் அட்டையில் எழுதி வாங்குங்கள். தம்பியின் அட்டையை என் மகளின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். அடுத்த ஊசி அவனுக்கு.