ஒப்பந்தம் போட்ட அன்றைக்கே ஒரு நினைவூட்டல்

பதிப்பகத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, சரியாக ஓராண்டு கழித்து வரும் தேதிக்கு போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். 'புத்தகத்தின் மலையாள மொழிபெயர்ப்பு உரிமை என்ன ஆச்சு?' என்று எழுதினால் போதும்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19(4) பிரிவுப்படி, நாம் எழுதிக் கொடுத்த உரிமையைப் பதிப்பகம் ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாதவரை, அந்த உரிமை காலாவதியானதாகவே கருதப்படும். தமிழ்ப் புத்தகம் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும், மொழிபெயர்ப்பு உரிமை மட்டும் சும்மா கிடக்கும். மார்த்தாண்டம், செங்கோட்டைப் பக்கம் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டினாலே மலையாள வாசகர்கள்தானே, ஆசையாகக் கேட்டு வருகிற மொழிபெயர்ப்பாளரை 'உரிமை என்னிடம் இல்லை' என்று திருப்பி அனுப்புவது உண்மையிலேயே வருத்தமான காரியம்.

தேதி வந்ததும் நீங்களாக முடிவுகட்டிவிடாமல், பதிப்பகத்துக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டு, மலையாள உரிமை திரும்பிவிட்டது என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் திருவனந்தபுரத்திலோ கோட்டயத்திலோ உள்ள மலையாளப் பதிப்பகங்களோடு பேசலாம்.

'பயன்படுத்தாவிட்டாலும் உரிமை தொடரும்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இந்த ஓராண்டு விதி பொருந்தாது. தமிழ்ப் பதிப்புக்கு மட்டும் கொடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை, மலையாளம் உங்களிடம்தான் இருக்கிறது. காலமே குறிப்பிடாத ஒப்பந்தமா? சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், அந்தத் தேதிக்கும் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.