சக்குலென்ட் இலையில் புள்ளியா? மருந்தை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

சதைப்பற்றான இலையில் நீரைச் சேர்த்துவைக்கும் செடிகள்தான் சக்குலென்ட்கள். அவற்றின் இலையில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்ததுமே பூஞ்சாணக்கொல்லியைத் தேடி ஓட வேண்டாம். வீட்டுக்குள் வளரும் சக்குலென்ட்களில் வரும் புள்ளிகளில் பல நோயே அல்ல. வெயில் சுட்ட தழும்பாக இருக்கலாம், தண்ணீர் கூடியதால் எழுந்த தடிப்பாக இருக்கலாம், தண்ணீரிலுள்ள உப்பின் கறையாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சியாகவோ கூட இருக்கலாம். இவற்றுக்குப் பூஞ்சாணக்கொல்லி பயன்படாது. போதாக்குறைக்கு, எண்ணெய் கலந்த தெளிப்புகள் இலைமேல் உள்ள மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும். எச்செவேரியாவின் இலையில் நீறு பூத்ததுபோல் இருக்கிறதே, அதுதான் அந்தச் செடியின் வெயில் காப்பு. ஒருமுறை போனால் அந்த இலையில் அது பழையபடி வராது.

முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: புள்ளி வளர்கிறதா, நின்றுவிட்டதா? புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். ஏழு நாள் கழித்து அதே இலையை, அதே கோணத்தில், அதே ஸ்கேலுடன் எடுங்கள். அளவு மாறாமல் காய்ந்து கிடந்தால் அது பழைய காயம். ஓரம் விரிந்திருந்தால், அல்லது பக்கத்து இலையிலும் புதிதாக ஒன்று வந்திருந்தால், அது பெரும்பாலும் நோயோ பூச்சியோதான். புள்ளி நீர் கோத்துக் கொழகொழப்பாக இருந்தால் மட்டும் ஏழு நாள் காத்திருக்கக் கூடாது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறது.

காத்திருக்கும் நேரத்தில் கையாலேயே சில சோதனைகள் செய்துவிடலாம். நகத்தால் புள்ளியின் ஓரத்தை மெல்ல நெம்புங்கள். சின்ன ஓடு மாதிரி கழன்று வந்தால் அது செதில் பூச்சி. சுற்றிலும் இலை பிசுபிசுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். கழலாமல், தக்கை மாதிரி சொரசொரப்பாக இலையோடு ஒன்றியிருந்தால் அது தண்ணீர்த் தடிப்பு. வெள்ளைப் புள்ளி என்றால் ஈரத் துணியால் துடையுங்கள். துடைத்ததும் போவது பெரும்பாலும் உப்பு. ஜேட் செடியின் இலை ஓரத்தில் வரிசையாக நிற்கும் வெண்புள்ளிகள், இலையே தன் நுண்துளைகள் வழியாக வெளியேற்றிய உப்புத்தான். அதனால் செடிக்குக் கெடுதல் இல்லை. நீறு பூத்த இலைகளில் மட்டும் இந்தத் துடைக்கும் சோதனை வேண்டாம். அடுத்து, ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் சிலந்திப்பேன். அது உறிஞ்சிய இடம் ஊசியால் குத்தியதுபோல் நுணுக்கமாக வெளிறி, நாளடைவில் துருவின் நிறத்துக்கு மாறும்.

தண்ணீர்த் தடிப்பைத்தான் பலரும் பூஞ்சை என்று தவறாக நினைக்கிறார்கள். பெரும்பாலான சக்குலென்ட்கள் பகலில் இலைத்துளையை மூடிவைத்து, இரவில்தான் திறக்கும். இரவு குளிர்ந்து, காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் இலையால் நீரை வெளியேற்ற முடியாது. ஆனால் தொட்டி மண் ஈரமாகவே இருப்பதால் வேர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே செல்கள் வீங்கி வெடிக்கும். முதலில் இலையின் அடிப்பக்கத்தில் கண்ணாடிபோல் சிறு கொப்புளங்கள் எழும், பிறகு அவை காய்ந்து பழுப்புத் தக்கையாகிவிடும். இது பரவாது, ஆறவும் ஆறாது. தண்ணீர் விடும் இடைவெளியை நீட்டி, வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் கூட்டுங்கள். சரியாகிவிட்டதா என்று பழைய இலையில் தேடாதீர்கள். அடுத்து வரும் இலைகள் வழவழப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வெயில் காயத்தை அது இருக்கும் திசையே காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னலைப் பார்த்த பக்கம் மட்டும் வெளிறி, பிறகு பழுப்பாகிக் காகிதம்போல் உலரும். மேலிருக்கும் இலையின் நிழல் விழுந்த பகுதி பச்சையாகவே இருக்கும். அந்த இலையை வெட்ட வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் பச்சை செடிக்குப் பயன்படும்.

இனி உண்மையான இலைப்புள்ளி நோய். பூஞ்சைப் புள்ளி பெரும்பாலும் வட்டமாக, சற்றே குழிந்து, ஓரம் கருத்து, சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு இருக்கும். 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸால் நடுவே பாருங்கள். மிளகுத் தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும், ஈரமான நாளில் அவற்றின்மேல் இளஞ்சிவப்பாகப் பசைபோல் ஏதோ கசிந்திருக்கும். அது ஆந்த்ராக்னோஸ், கொலெட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சையின் வேலை. அந்தப் பசை முழுக்க வித்துக்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும், பக்கத்து இலைக்குப் போய்விடும். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரிந்தால் ஆல்டர்னேரியா என்ற வேறொரு பூஞ்சையாக இருக்கலாம். எதுவானாலும், வித்து முளைக்க இலை சில மணி நேரம் ஈரமாக இருந்தாக வேண்டும். எனவே இலையை உலர்வாக வைப்பதுதான் முதல் மருந்து.

நோய் என்று உறுதியானால் செடியைத் தனியே வையுங்கள். எச்செவேரியா போன்றவற்றில் இலையின் அடியைப் பிடித்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்தால் தண்டிலிருந்து முழுசாக வந்துவிடும். கற்றாழை போன்ற நீள இலை என்றால், கருத்த ஓரத்திலிருந்து 1 செ.மீ. தாண்டி, நல்ல சதையில் வெட்டுங்கள். வெட்டிய முகத்தைக் கவனியுங்கள். பழுப்புக் கீற்று தெரிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். இதைச் செய்யாவிட்டால் நோயை நீங்களே அடுத்த இலைக்குக் கொண்டுபோவீர்கள். காயம் உலர்ந்து தோல் கட்டும் வரை, குறைந்தது ஒரு வாரம், தண்ணீர் வேண்டாம். வெட்டியவற்றை உரக்குழியில் போடாமல் குப்பையில் போடுங்கள்.

அதற்குப் பிறகும் புதுப் புள்ளிகள் வந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சாணக்கொல்லியைத் தெளியுங்கள். 50% தூள் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் வழக்கமான அளவு. லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இது இருக்கும் புள்ளியை ஆற்றாது, நல்ல இலைக்கு நோய் வராமல் காக்கும், அவ்வளவுதான். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து மூன்று நான்கு நாள் பாருங்கள். தெளிக்கும் நேரத்தில் நேர் வெயில் கூடாது, தெளித்த பின் இலை சீக்கிரம் உலர வேண்டும்.

நீர் கோத்து, கருத்து, தொட்டால் அமுங்கி, நாற்றமும் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். ஓரிரு நாளில் தண்டுக்கு இறங்கிவிடும், தாமதிக்க நேரமில்லை. தாமிர மருந்தை நம்பியிருக்காமல் உடனே வெட்டுங்கள். அடித்தண்டு அழுகிவிட்டால் மேலே சுத்தமாக இருக்கும் நுனியை மட்டும் வெட்டி, காயம் உலர்ந்ததும் புது மண்ணில் வேர்விட வையுங்கள். பழைய மண்ணை மறுபடி பயன்படுத்த வேண்டாம். கலாஞ்சோவில் மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) வேலை செய்யும். ஆனால் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைச் சுடும். மாவுப்பூச்சி, செதில் பூச்சிக்கு அதே 70% ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸ் போதும். வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் விடாமல் செய்யுங்கள்.

தடுப்பு பெரும்பாலும் மண்ணிலும் தண்ணீரிலும்தான் இருக்கிறது. மண் கலவையில் பாதியளவாவது 3 முதல் 6 மி.மீ. பருமனுள்ள பெர்லைட், பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த, துளைகள் நிறைந்த கல் துகள்கள்) அல்லது சிறு கல்லாக இருக்கட்டும். நைசான மணல் இடுக்குகளை அடைத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். தொட்டியில் ஓட்டை கட்டாயம். ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி எடுங்கள். ஈரம் ஒட்டாமல் வந்தால்தான் தண்ணீர், அதுவும் காலையில், மண்ணுக்கு மட்டும். ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதை அரை மணிக்குள் கொட்டிவிடுங்கள். பூப்போன்ற இலையடுக்கின் நடுவில் தண்ணீர் நின்றுவிட்டால் ஊதியோ டிஷ்யூ முனையால் ஒற்றியோ எடுத்துவிடுங்கள். அடியில் காய்ந்து சருகான இலைகளை அவ்வப்போது பறித்துவிடுங்கள். மாவுப்பூச்சி ஒளிவது அங்கேதான். செடிகளை ஒன்றோடொன்று உரசும்படி நெருக்கி வைக்காதீர்கள்.

நிழலில் இருந்த செடியை வெயிலுக்கு மாற்றும்போது முதல் நாள் காலை வெயில் அரை மணி நேரம் போதும். தினமும் கொஞ்சம் கூட்டி, 10 முதல் 14 நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். புதிதாக வாங்கிய செடியை மூன்று வாரம் தனியே வைத்து, ஒவ்வொரு வாரமும் இலையின் அடிப்பக்கம் பார்த்து, வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்து, எதுவும் இல்லை என்ற பிறகே மற்ற செடிகளோடு சேருங்கள்.