ஏழைக் கிராமத்தில் இலவச கிளினிக் நடத்தப் போகிறீர்களா? முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

இடம் கிடைத்தது, வாரம் ஒரு நாள் வர டாக்டர் சம்மதித்துவிட்டார், மருந்துக்கும் நன்கொடை வந்தாயிற்று. சரி, திறந்துவிடலாம் என்று தோன்றும். திறக்கும் நாளில் கூட்டமும் வரும். ஆனால் அன்றைக்குப் பிரஷர் மாத்திரை வாங்கிப் போனவர் அடுத்த மாதம் வந்தாரா என்று பார்க்க ஆள் இல்லையென்றால் அந்த மாத்திரையால் அவருக்குப் பெரிய பலன் கிடையாது. வந்தவரைப் பார்ப்பது பாதி வேலைதான், வராமல் போனவரைத் தேடுவது மீதிப் பாதி.

அதற்குத்தான் நோட்டு. ஊருக்கு ஒரு பகுதி ஒதுக்கி பெயர், வீட்டு அடையாளம், நோய், அடுத்து வர வேண்டிய தேதி, இவ்வளவு எழுதினால் போதும். சளி காய்ச்சலுக்கு வந்தவர்களை இதில் சேர்க்க வேண்டாம். பிரஷர், சுகர், வலிப்பு, காசநோய், கர்ப்பிணிகள், எடை குறைந்த குழந்தைகள் மட்டும். வந்தவர் பெயருக்கு நேரே டிக் போடுங்கள். அன்றைய கிளினிக் முடிந்ததும் டிக் விழாத பெயர்களைத் தனித்தாளில் எழுதி, அந்தந்த ஊரில் தேடிப் போகும் பணியாளரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள். மறுவாரம் என்று தள்ளினால் அது நடக்காது.

பணியாளர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். படிப்பு பெரிய தடையில்லை. 1970-இல் மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் வேலையைத் தொடங்கிய டாக்டர் ஆரோளே தம்பதி, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களையும் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கிக் காட்டினார்கள்.

தேடிப் போகிறவர் அதட்டக் கூடாது. கூலி போய்விடும், பஸ் இல்லை, உடம்பு நன்றாகிவிட்டது என்று நினைத்தேன், இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். பல நேரம் மாத்திரையே காரணமாக இருக்கும்: சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கும், பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீங்க வைக்கும், எனலாப்ரில் வறட்டு இருமல் கொடுக்கும். அதை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டினால் அவர் மருந்தை மாற்றித் தருவார், கேட்காமல் விட்டால் அந்த ஆள் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்துவிடுவார். கூலிதான் பிரச்சினை என்றால் கிளினிக் நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு டாக்டரைக் கேட்டு 2 மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுங்கள். கிழமையை மட்டும் மாற்றவே வேண்டாம். ஒரு தடவை நடந்து வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வருவது கஷ்டம்.

பிரஷர் பார்ப்பதில் அவசரம் கூடாது. வெயிலில் நடந்து வந்தவருக்கு உடனே பட்டையைச் சுற்றினால் அளவு கூடத்தான் காட்டும், இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதும்படி ஆகிவிடும். 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், பேச்சுக் கொடுக்காமல் 2 தடவை பாருங்கள்.

மருந்து நன்கொடையில் தயவு தாட்சண்யம் வேண்டாம். வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது 1 வருடம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த அட்டைகளை வாங்கவே வாங்காதீர்கள். நாற்பது வகை வைத்துப் பாதி நாள் தீர்ந்து கிடப்பதைவிட, பதினைந்து வகை எப்போதும் இருப்பது நல்லது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர்களையும் நோட்டில் ஏற்றுங்கள். சீட்டு எழுதிக் கொடுத்ததோடு விட்டால் பாதிப் பேர் போகமாட்டார்கள், பயம்தான் காரணம். முடிந்தால் முதல் தடவை பணியாளரே கூடப் போகட்டும்.

அப்புறம், அந்த நோட்டைப் பூட்டி வையுங்கள், அதில் ஊராரின் ரகசியம் இருக்கிறது. தேடிப் போகும் பணியாளர் வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்லவே கூடாது, காசநோய் என்றால் இன்னும் கவனம். “அக்கா, கிளினிக்கில் உங்களைக் கேட்டாங்க, இந்த வாரம் வர முடியுமா?” அவ்வளவு போதும், மற்றதை உள்ளே போய் உட்கார்ந்து பேசட்டும்.