பிரிக்கில் ஒரு ‘த்ரீ நாட் த்ரீ’: நிஜ அளவில் லீ-என்ஃபீல்ட் மாடல் செய்வது எப்படி?

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தத் துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. பரேடில் தோளில் சுமந்து தோள் சிவந்துபோன அதே .303தான், லீ-என்ஃபீல்ட் என்பது அதன் பெயர். நிஜத்தில் கிட்டத்தட்ட 4 கிலோ. அதை லெகோ பிரிக்கில், முழு நீளத்துக்கு, பக்கத்தில் வைத்தால் திரும்பிப் பார்க்கிற மாதிரி செய்வது எப்படி என்று சொல்கிறேன். இது சுடாது, எதையும் எறியாது. அலமாரியில் வைக்கிற மாடல், அவ்வளவுதான்.

ஏன் இதையே முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், பிரிக்கில் மிகவும் கஷ்டமானது மெல்லிய நீண்ட உருண்டைக் குழல். ஜெர்மன் மௌசர், அமெரிக்க கராண்ட் போன்ற துப்பாக்கிகளில் குழல் முன்னால் வெறுமையாக நீட்டிக்கொண்டிருக்கும். 1907இல் வந்த லீ-என்ஃபீல்ட் மார்க் 3இல் மரம் குழலை முனைவரை மூடியிருக்கும், நுனியில் ஒரு மொட்டையான இரும்புமூக்கு, குழல் வெளியே தெரியவே தெரியாது என்றே சொல்லலாம். ஆக நாம் கட்டப்போவது பெரும்பாலும் ஒரு நீளமான மரப்பெட்டி.

அளவு எடுப்பது

துப்பாக்கியின் மொத்த நீளம் 1,132 மி.மீ., குழல் மட்டும் 640 மி.மீ. பிரிக்கின் மேலே இருக்கிற குமிழ்களில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மி.மீ. வகுத்துப் பாருங்கள்: மொத்தம் 141.5 குமிழ், 142 என்று வைத்துக்கொள்ளலாம். குழல் சரியாக 80 குமிழ்.

பக்கவாட்டில் நேராக எடுத்த ஒரு படத்தை 1,132 மி.மீ. வரும்படி பெரிதாக்கி, ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வைத்து அச்சிட்டால் நான்கு தாளில் அடங்கும். ஒட்டி, மேசையில் விரியுங்கள். இனிமேல் எந்தப் பாகத்தைக் கட்டினாலும் அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். திரையில் வடிவமைக்கப் பிரிக்லிங்கின் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, நல்லதுதான், ஆனால் முதல் மாடலுக்கு இந்த நான்கு தாள் கற்றுக்கொடுப்பதைத் திரை கற்றுக்கொடுக்காது.

இன்னொன்று, நிஜத் துப்பாக்கியின் பட், அதாவது தோளில் பதிகிற மரக்கட்டை, ஆளின் கை நீளத்துக்கு ஏற்ப நான்கு நீளங்களில் வந்தது. அதனால் உங்கள் பட் ஒரு குமிழ் கூடக்குறைய வந்துவிட்டால் கவலைப்படாதீர்கள்.

ஐந்து பிளேட், இரண்டு குமிழ்

இந்த ஒரு கணக்கை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., பிளேட் என்கிற மெல்லிய துண்டு 3.2 மி.மீ., மூன்று பிளேட் சேர்ந்தால் ஒரு பிரிக். ஐந்து பிளேட் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழ் நீளமும் 16 மி.மீ. நிற்க வைத்துக் கட்டுவதும் பக்கவாட்டில் கட்டுவதும் சந்திக்கிற இடம் இது.

எப்படிப் பயன்படும்? பக்கத்தில் குமிழ் உள்ள பிரிக் ஒன்று, அதன் மேல் இரண்டு பிளேட், அதன் மேல் மறுபடி பக்கக் குமிழ் பிரிக். இப்போது இரண்டு பக்கக் குமிழ்களுக்கும் இடையே சரியாக 16 மி.மீ., ஆகவே மூன்று குமிழ் நீளப் பிளேட்டின் இரு முனைகளும் அதில் கச்சிதமாக உட்காரும். ஒருமுறை கையால் செய்து பாருங்கள், படித்ததைவிட வேகமாகப் புரியும்.

முதுகெலும்பு

நான் செய்த முதல் துப்பாக்கி வெறும் பிரிக்கை அடுக்கிச் செய்தது. மேசையில் கிடந்தவரை அழகாக இருந்தது, நடுவில் பிடித்துத் தூக்கியதும் இரண்டு பக்கமும் தொங்கி, மேகசினுக்கு, அதாவது தோட்டாப் பெட்டிக்கு, முன்னால் ஒடிந்து, இரண்டு வார வேலை தரையெல்லாம் சிதறியது. ஒரு மீட்டருக்கு மேல் நீளமான எதற்கும் உள்ளே எலும்பு வேண்டும்.

லெகோவின் டெக்னிக் வகையில் பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிரிக்குகள் உண்டு, அவற்றில் 16 குமிழ் நீளமானவற்றை இரண்டு வரிசையாக வையுங்கள், இடையில் இரண்டு பிளேட். கீழ் வரிசையின் மூட்டுக்கு நேர்மேலே மேல் வரிசையின் மூட்டு வரவே கூடாது, கொத்தனார் சுவர் எழுப்புகிற மாதிரி எட்டுக் குமிழ் தள்ளித் தள்ளி வர வேண்டும். பிறகு மேலும் கீழும் உள்ள ஓட்டைகளுக்குக் குறுக்கே மூன்று ஓட்டை டெக்னிக் பீமை, அதாவது ஓட்டைகள் உள்ள சட்டத்தை, செங்குத்தாக வைத்து, ஓட்டையில் செருகும் டெக்னிக் பின் (pin) கொண்டு பூட்டுங்கள். மேலே சொன்ன 16 மி.மீ. கணக்குதான் இங்கேயும், அதனால் ஓட்டைகள் நேராக வரும். இந்தப் பூட்டு இல்லாவிட்டால் பிரிக்குகள் என்றாவது ஒருநாள் மேல்நோக்கிக் கழன்றுவிடும்.

எங்கே பிரிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நிஜ லீ-என்ஃபீல்டின் மரம் ஒரே துண்டு கிடையாது. பட் தனி, முன்மரம் தனி. நடுவில் இருக்கிற ஒரு இரும்புக் கூட்டில் பட் கட்டையைச் செருகி, உள்ளே நீளமான ஒரு திருகு போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த இடத்திலேயே நம் மாடலையும் பிரித்துவிடுங்கள். பட் கீழ்நோக்கிச் சாய ஆரம்பிப்பதும் அங்கேதான், ஆகவே டெக்னிக் பின்னில் பட் கட்டையைக் கோணமாகத் திருப்பி, இன்னொரு பின் கொண்டு அசையாமல் பூட்டிவிட்டால் சாய்வும் மூட்டும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். மேலே கறுப்பு டைல், அதாவது குமிழ் இல்லாத வழவழப்பான துண்டு, ஒட்டினால் அந்த இரும்புக் கூடாகவே தெரியும். எங்கே பிரிப்பது என்று குழம்பும்போதெல்லாம் நிஜத் துப்பாக்கி எப்படிப் பூட்டப்பட்டது என்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் விடை அங்கேதான் கிடைத்தது.

போல்ட்டும் மேகசினும்

பத்துத் தோட்டா பிடிக்கும் மேகசின், ஐந்து ஐந்தாக மேலிருந்து நிரப்புவார்கள். அது வெறும் பெட்டி, அடிப்பக்கம் முன்னால் சற்றுச் சரிந்திருக்கும், தாளைப் பார்த்து ஸ்லோப் பிரிக் (சரிந்த முகமுள்ள பிரிக்) வைத்தால் முடிந்தது.

போல்ட்டுக்குத்தான், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் உருளைக்குத்தான், நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் கைப்பிடியை 60 டிகிரி தூக்கிப் பின்னால் இழுப்பார்கள். .303 தோட்டாவின் நீளம் 78 மி.மீ. என்பதால் நம் போல்ட்டும் குறைந்தது பத்துக் குமிழ் தூரமாவது பின்னால் போனால்தான் பார்ப்பவருக்கு நம்பிக்கை வரும். போல்ட் ஓடுகிற கூட்டின் (ரிசீவர்) உள்ளே தரையும் சுவரும் டைலாக இருக்கட்டும், குமிழ் ஒன்று தெரிந்தாலும் சிக்கும். டெக்னிக் ஆக்சில் என்கிற கம்பியில் உருண்டைப் பிரிக்குகளைக் கோத்து அந்தப் பள்ளத்தில் விடுங்கள். முதல் தடவை திருப்புவதை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் ஓடினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்தோல்

உடல் அகலம் நான்கு குமிழ் வைத்தேன், அதாவது 32 மி.மீ., இருபக்கமும் ஒவ்வொரு டைல் ஏறினால் 38.4. மரத்துக்குச் செம்பழுப்பு நிறம். அந்த நிறத்தில் பழைய பிரிக்குகள் எளிதில் உடையும் என்பதால் இறுக்கமான இடத்தில் புதியதையே போடுங்கள். வாங்கும்போது எல்லாப் பழுப்பும் ஒரே சாயலில் இல்லையே என்று வருத்தப்படாதீர்கள், கலந்து போட்டால்தான் மரம் மாதிரி இருக்கும். இரும்புக்குக் கறுப்பு, தேய்ந்த விளிம்புகளில் கருஞ்சாம்பல். பட்டின் பின்முனையில் பித்தளைத் தகடு உண்டு, அதற்குத் தங்க நிற டைல். இந்தச் சின்ன மின்னல் மொத்த மாடலையும் தூக்கிவிடும். நுனி மூக்கில் குறிமுள்ளின் இருபக்கமும் இரண்டு காதுகள் நிற்கும், கீழே பயனெட் மாட்டும் முளை இருக்கும். அவை இல்லாமல் இது .303 ஆகாது.

எனக்கு 1,500க்கும் மேல் பிரிக் பிடித்தது, இரண்டு கிலோ எடைகூட வரவில்லை.

வைப்பதும் எடுத்துப்போவதும்

இரண்டு இடத்தில் தாங்குங்கள்: மேகசினுக்குச் சற்று முன்னால் ஒன்று, பட்டில் ஒன்று. வெளியே கொண்டுபோவதென்றால் மூட்டில் பிரித்து, பெட்டியில் போட்டு மூடித்தான். பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இது பிரிக் என்று தெரியாது, தெருவில் கையில் பிடித்துப் போவது உங்களுக்கும் ஆபத்து, பார்ப்பவருக்கும் பயம். குழல் வாயில் பளிச்சென்ற ஆரஞ்சு வட்டப் பிரிக் ஒன்றை நான் எப்போதும் வைப்பேன், தோற்றம் கொஞ்சம் கெடும், பரவாயில்லை. விளையாட்டுக்குக்கூட யாரையும் நோக்கி நீட்டாதீர்கள்.

இதை முடித்தவர்கள் பிரிக்கைக் கலைத்துவிட வேண்டாம். 1962 சீனப் போருக்குப் பிறகு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் இதே துப்பாக்கியை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ1 என்று செய்தார்கள். வெளியே பளிச்சென்று தெரிகிற வித்தியாசம் மேகசின், சரிவு போய்ச் சதுரப் பெட்டியாகி, பன்னிரண்டு தோட்டா பிடிக்கும். ஸ்லோப் பிரிக்குகளைக் கழற்றி நேர் பிரிக் வைத்துப் பாருங்கள், ஒரு மாலை நேர வேலைதான்.