ஆண்டுவிழாக் கொடி: திரையில் அழகு, காற்றில் குழப்பம்

படகு கிளப்புக்கு 25 அல்லது 50 வயது நெருங்கினால், விழாவுக்கு ஒரு தனிக் கொடி தயார் செய்யலாம் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். கணினியில் டிசைன் வரும், எல்லோரும் பிரமாதம் என்பார்கள். பாய்மர உச்சியில் ஏற்றிய பிறகுதான் அது என்ன கொடி என்றே தெரியவில்லை என்பது புரியும். வரைந்தவர் அதைப் போஸ்டராக நினைத்துவிட்டார், அவ்வளவுதான்.

கிளப்பின் முழுப் பெயர், தொடங்கிய ஆண்டு, நங்கூரம், கலங்கரை விளக்கம், இரண்டு கடற்பறவைகள் என்று எல்லாவற்றையும் ஒரே துணியில் திணிப்பதுதான் முதல் தவறு. 45 செ.மீ. நீளக் கொடி 30 மீட்டருக்கு அப்பால் எவ்வளவு தெரியும்? கையை நீட்டிப் பிடித்த தாளில் 9 மி.மீ. படம் தெரிகிற அளவுதான், அதாவது சுண்டுவிரல் நகம். டிசைனை அந்த அளவில் அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு எண்ணும் இரண்டு நிறமும்தான் மிஞ்சும். அதையே பெரிதாக வைத்துவிட்டு, மற்றதை விழா மலருக்குத் தள்ளிவிடலாம்.

துணிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பதும் மறந்துபோகும். மெல்லிய துணியில் ஒரு பக்கம் அச்சிட்டால் மறுபக்கம் கண்ணாடி பிம்பமாகத் தெரியும். டிஜிட்டல் கடிகாரத்தில் வருவது போன்ற கோண எண்களில் 50 என்று எழுதினால் பின்னால் 02 ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், 25 மட்டும் அதே பாணியில் இரு பக்கமும் 25 தான்! வெள்ளிவிழாக் காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். மற்றவர்கள் இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைக்கலாம். ஆனால் எடை கூடும், இளங்காற்றில் கொடி பறக்காமல் தொங்கும். நான் என்றால் எழுத்தையே குறைப்பேன்.

நிறத்தில் நடக்கும் தவறு கொஞ்சம் ஆபத்தானது. பொன்விழா என்றதும் கை மஞ்சளுக்குத்தான் போகும். கப்பல்கள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் சர்வதேச சைகைக் கொடிகளில் முழு மஞ்சள் க்யூ எழுத்தைக் குறிக்கும்: கப்பலில் நோயில்லை, துறைமுகத்துக்குள் வர அனுமதி வேண்டும் என்று பொருள். சிவப்பும் மஞ்சளும் மூலைக்கு மூலை குறுக்காகப் பிரிந்திருந்தால் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி, உதவி தேவை என்று கேட்பது. மஞ்சள் நடுவே பொடி எழுத்தில் கிளப் பெயர் இருந்தாலும் தூரத்தில் அது வெறும் மஞ்சள்தான். அதனால் வரைந்ததைச் சைகைக் கொடி அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். அந்தக் கொடிகளில் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என ஐந்தே நிறங்கள் இருப்பதும் சும்மா இல்லை. கடலில் பிரித்தறிய எளிதானவை அவை. வெளிர்நீலமும் சாம்பலும் வானத்தோடு கரைந்துபோகும்.

கிளப் கொடிகள் பெரும்பாலும் முக்கோணம். அதன் நீளத்தில் நடுவே சின்னத்தை வைத்தால், அங்கே துணியின் உயரம் பாதிதான் இருக்கும், சின்னம் நெருக்கியடித்து நிற்கும். கம்பத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம்தான் சரியான இடம். அங்கே துணி குறைவாக ஆடும், சின்னமும் நன்றாகத் தெரியும்.

அப்புறம், கணக்கு. 1976-ல் தொடங்கிய கிளப்புக்கு 50ஆம் ஆண்டு 2025-லேயே பிறந்துவிடும். 50 ஆண்டு நிறைவது 2026-ல். எதைக் கொண்டாடுகிறோம் என்று முடிவு செய்யாமல் அச்சுக்குக் கொடுத்தால், விழா மேடையில் யாராவது பெரியவர் எழுந்து கேட்பார்.

அளவுக்குப் பரவலாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: நீர்மட்டத்திலிருந்து பாய்மர உச்சி வரை மீட்டருக்கு 4 செ.மீ. நீளம். 12 மீட்டர் என்றால் ஏறத்தாழ அரை மீட்டர் கொடி. துணியில் நைலான் இலேசான காற்றிலும் பறக்கும். பாலியஸ்டர் பலத்த காற்றைத் தாங்கும். எதுவானாலும் பறக்கும் முனைதான் முதலில் நைந்துபோகும். அந்த ஓரத்தில் படம் எதுவும் வைக்காமல் விட்டால், நைந்ததை வெட்டிவிட்டு மறுபடி மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.