சோழர் கல்வெட்டில் கொடை கொடுத்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி

கோயில் சுவரில் 'ஸ்ரீராஜராஜ தேவர்க்கு யாண்டு' என்று கண்டதுமே 'இது ராஜராஜன் அளித்த கொடை' என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் தவறு. அந்த இடத்தில் அரசன் பெயர் வெறும் நாள்காட்டி; அவன் ஆட்சியின் எத்தனையாவது ஆண்டு ('யாண்டு') என்று சொல்வதற்காக வருவது. கொடுத்தவர் பின்னால் வருவார்.

முதலில் வெளிச்சம். காலை, மாலைச் சாய்வெயில் நல்லது. இருட்டு மூலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும். சுண்ணக்கட்டி, மாவு, எண்ணெய் எதையும் கல்லில் தேய்க்காதீர்கள். ஒரே வரி அரைத்தூண்களைத் தாண்டி, மூலை திரும்பியும் ஓடும். ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் கால் பங்கையாவது மீண்டும் காட்டட்டும்.

மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். பொருள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

தொடக்கம் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைச் சொல்லும் முகவுரை. 'திருமகள் போல' என்றால் முதலாம் ராஜராஜன். 'திரு மன்னி வளர' என்றால் முதலாம் ராஜேந்திரன். மெய்க்கீர்த்தி இல்லாமல் 'கோராஜகேசரி' என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். ராஜகேசரி என்பது பட்டப்பெயர்; ஆதித்தன், சுந்தர சோழன், ராஜராஜன் எல்லாருமே ராஜகேசரிகள்தான்.

அரியணை ஏறிய ஆண்டோடு ஆட்சியாண்டைக் கூட்டும்போது ஒன்றைக் கழியுங்கள். ராஜராஜன் அரியணை ஏறியது 985. 26-ஆம் ஆண்டு 1010-இல் தொடங்குகிறது, 1011-இல் அல்ல. ராஜேந்திரனின் ஆண்டுக் கணக்கு தந்தை இருக்கும்போதே, 1012-இல் தொடங்கிவிட்டது. பாண்டியர் கல்வெட்டில் '2-ஆவதின் எதிர் 10-ஆவது' என்றிருந்தால் இரண்டையும் கூட்டி 12 எனக் கொள்ளுங்கள்.

இப்போது கொடையாளி. நாடு, ஊர், இறைவன் பெயர்களைத் தாண்டி 'வைத்த' அல்லது 'குடுத்த' என்ற சொல்லைத் தேடுங்கள். அங்கிருந்து பின்னோக்கி நடந்தால் ஒரு வணிகரோ, அதிகாரியோ, அரசியோ நிற்பார். அரசனே கொடுத்திருந்தால் வாசகம் மறைக்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் 'நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' என்று ராஜராஜன் ஆணையே பிரித்துச் சொல்கிறது. அங்கும் அரசன், அக்கா ('அக்கன்'), அரசியர் ('பெண்டுகள்'), மற்றவர்கள் என்று நான்கு வகைக் கொடையாளிகள், கவனியுங்கள்.

அளவுகளைச் சரிபாருங்கள். நந்தா விளக்கு (அணையாமல் எரியும் விளக்கு) ஒன்றுக்கு வழக்கமான கொடை 96 ஆடு. தஞ்சையில் அதற்கு ஈடு 48 பசு அல்லது 16 எருமை. அவற்றை ஏற்ற இடையர் விளக்குக்கு நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி, ஆகவே ஆண்டுக்குச் சுமார் 91 நாழி. 'சாவா மூவாப் பேராடு' என்பதை அற்புதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செத்ததற்கும் கிழண்டதற்கும் ஈடாகக் குட்டிகளை விட்டு மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையரின் பொறுப்பு. ஆட்டை ஏற்றவர் பெயரைக் கொடுத்தவர் பெயராக எழுதிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை.

கடைசி வரிவரை படியுங்கள். 'பன்மாஹேஸ்வர ரக்ஷை' (இந்த அறம் சிவனடியார்களின் காவலில்) என்று வந்தால் கொடை வாசகம் முடிந்தது. 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற தொடர் எங்காவது தென்பட்டால், கோயிலைப் புதுப்பித்தபோது பழைய கல்லைப் பார்த்துத் திரும்ப வெட்டியது என்று பொருள். சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோயிலில் அப்படித்தான் செய்வித்தார். அங்கே எழுத்தின் வடிவத்தை வைத்துக் கொடையின் காலத்தைச் சொல்லக் கூடாது.